டிரெய்லருக்கு வெளியே ஒரு பெட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

கொலராடோவில் டென்வருக்கு அருகே வசிக்கும் நாங்கள், பிக்கப் வண்டியால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற பயண டிரெய்லர் ஒன்றை, இணைக்கும் கொக்கி முதல் பின் பம்பர் வரை 24 அடி நீளமுள்ளதை, 2021ஆம் ஆண்டு பழையதாக வாங்கினோம். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். ஆனால் நான்கு மிதிவண்டிகள், மடக்கு நாற்காலிகள், சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் கட்டைகள், கழிவுநீர்க் குழாய், கருவிப்பெட்டி ஆகியவற்றுக்கு இடமே இல்லை. வெளியே இடம் உண்டாக்குவதற்காக நான்கு ஆண்டுகளாகச் செய்தவற்றையும், அவற்றுள் நிலைத்தவை எவை, நிலைக்காதவை எவை என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் கோடையில் பின் பம்பரில் மிதிவண்டித் தாங்கி ஒன்றைப் பொருத்தினேன். அது தவறு. பெரும்பாலான டிரெய்லர்களின் பம்பர், கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைப்பதற்கென அமைந்த, 4 அங்குலச் சதுரமான, மெல்லிய இரும்புக் குழாய்தான். மாற்றுச் சக்கரத்தைத் தாங்கும், அதற்குமேல் எதையும் நம்பி ஏற்ற முடியாது. தாங்கி பின்னோக்கி நீண்டிருப்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் மிதிவண்டிகளின் எடை பம்பரை முறுக்குகிறது. ஏழு மாதங்களுக்குப் பின் கழுவும்போது பார்த்தேன்: சட்டத்தோடு பம்பரைச் சேர்த்த வெல்டிங்கில் நகத்தின் நீளத்துக்கு ஒரு விரிசல்.

விரிசலைவிட என்னை அஞ்சவைத்தது, அதற்கு முன்பே நெடுஞ்சாலையில் கண்ட ஆட்டம். ஐ-25 நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தபோது டிரெய்லரின் வால் இருபுறமும் அசைந்தது. வேகத்தைக் குறைத்த பிறகே அடங்கியது. லாரி நிறுத்தம் ஒன்றிலுள்ள எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது காரணம் புரிந்தது. டங் வெயிட் எனப்படும், கொக்கியின் மேல் இறங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். எங்கள் டிரெய்லர் சாமான்களோடு 5,500 பவுண்ட். மிதிவண்டிகள் இல்லாதபோது கொக்கியில் 640 பவுண்ட். அச்சுகளின் நடுப்புள்ளி கொக்கியிலிருந்து 15 அடி தூரத்தில் இருக்கிறது. மிதிவண்டிகளோ அந்தப் புள்ளிக்கு 10 அடி பின்னால் தொங்கின. தாங்கியும் மிதிவண்டிகளும் சேர்ந்து 150 பவுண்ட் என்றால், நெம்புகோல் கணக்குப்படி கொக்கியிலிருந்து 100 பவுண்ட் தூக்கப்படுகிறது. எஞ்சுவது 540, அதாவது பத்து விழுக்காட்டுக்கும் கீழே. அன்றே தாங்கியைக் கழற்றினேன். மிதிவண்டிகள் இன்றுவரை பிக்கப்பின் பின்தட்டில்தான் பயணம் செய்கின்றன.

அடுத்து, முன்புறத்து ஏ வடிவச் சட்டத்தின் மேல் அலுமினியப் பெட்டி. வாங்குமுன் அட்டையில் அதே அளவில் ஒன்று செய்து வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று: நான் முதலில் விரும்பிய பெட்டியின் மூடி முழுதும் திறக்காமல் டிரெய்லரின் முன்சுவரில் இடித்திருக்கும், புரொப்பேன் சிலிண்டர்களைத் தூக்கி எடுக்கவும் வழி இருந்திருக்காது. பின்னோக்கி ஓட்டிக் கூர்மையாகத் திருப்பும்போது பிக்கப்பின் மூலை எவ்வளவு நெருங்குகிறது என்பதையும் அப்போதே அளந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தில் துளையிடவில்லை, வெல்டிங்கும் செய்யவில்லை. நான்கு யு-போல்ட்டுகள் சட்டத்தைக் கீழிருந்து அணைத்து, பெட்டியின் தரை வழியாக மேலே வருகின்றன. நட்டுகள் பெட்டிக்கு உள்ளே இருப்பதால், பூட்டைத் திறக்காமல் யாரும் பெட்டியைக் கழற்ற முடியாது. மெல்லிய அலுமினியத் தரை கிழியாதிருக்க உள்ளே இரும்புத் தகடு வைத்தேன். சட்டத்தின் உட்புறமாக ஓடும் பிரேக் கம்பிகள் போல்ட்டுக்கு அடியில் நசுங்காதபடி பார்த்துக்கொள்வது மிக முக்கியம். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை வேண்டும். இங்கே குளிர்காலச் சாலைகளில் மக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள், அந்த உப்புநீர் பட்டால் இரும்பைத் தொடும் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும்.

நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கடைசிப் பகுதியான மண்சாலையில் அலையலையான குலுக்கலுக்குப் பிறகு, ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்த நட்டுகளுள் இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றை நைலான் வளையம் உள்ள நட்டுகளாக மாற்றி, ஒவ்வொன்றிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு வரைந்தேன். கோடு விலகியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மூன்று ஆண்டுகளில் ஒன்றுகூட விலகவில்லை.

பூட்டு பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் நான் இழந்தேன். 2022இல் ஒரு விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில், பக்கவாட்டு அறையிலிருந்து கருவிப்பெட்டி காணாமற்போனது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. எண்ணற்ற டிரெய்லர்களின் பக்கவாட்டு அறைகளுக்கு சிஎச்751 என்ற ஒரே சாவிதான் என்பதை அதன்பிறகே அறிந்தேன். எல்லாக் கதவுகளுக்கும் குழாய்வடிவச் சாவி கொண்ட பூட்டுகளை, ஒரே சாவியில் திறக்குமாறு வாங்கி மாற்றினேன். அரை மணி நேர வேலை. முன்பெட்டிக்கு, வளையம் வெளியே தெரியாத வட்டப் பூட்டு. டிரெய்லர் வாங்கும் எவரும் இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியும் அதிலிருந்த பொருள்களுமாக 195 பவுண்ட் ஆனபோது, கொக்கியில் கூடியது 156, மொத்தம் 796. என் கொக்கியின் வரம்போ 800. எனவே கனமான கட்டைகளையும் ஜாக்கையும் அச்சுகளுக்கு மேலுள்ள உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். இப்போது பெட்டியில் நாற்காலிகள், குழாய்கள், மின்கம்பி, தரைவிரிப்பு மட்டுமே. பெட்ரோல் கேனை அதில் வைப்பதில்லை. ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய பெட்டியின் அடியில் தேங்கும். இறைச்சி சுட்ட அடுப்பையும் வைப்பதில்லை. எல்லோஸ்டோன் போன்ற கரடி வாழும் இடங்களில் கொழுப்பு வாடையே போதும், மெல்லிய அலுமினியம் கரடிக்குத் தடையாகாது.

மூன்றாம் ஆண்டில் மூடியின் ரப்பர் விளிம்பு இறுகிப்போய் மழைநீர் கசிந்தது, புதியதை ஒட்டினேன். இந்த வசந்தத்தில் இடது கீலின் ரிவெட்டைச் சுற்றி மெல்லிய விரிசல் தெரிகிறது. கோடைப் பயணத்துக்கு முன் அந்த ரிவெட்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே தகடு வைத்து போல்ட் போடப் போகிறேன்.