கிளைம் போடுவதா, கையிலிருந்து கொடுப்பதா: புளியரை வளைவில் சரிந்த பைக்கின் கணக்கு

சாரல் நேரத்தில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்குத் திரும்பிய என் மைத்துனர், கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில், எஸ் வளைவில் பைக்கோடு சரிந்தார். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்ட் ஈரத்தில் படிந்து கிடந்திருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டிக்குத்தான் அடி: ஹேண்டில் பார் வளைந்துவிட்டது, ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் டூம் உடைந்துவிட்டது, லெக் கார்டும் ஃபுட்ரெஸ்ட்டும் உள்ளே மடங்கிவிட்டன.

“இன்சூரன்ஸ் இருக்கு, கிளைம் போட்டுருவோம் அத்தான்” என்றார். முதலில் பாலிசியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம்மால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். ஆனால் நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி (ஓன் டேமேஜ்) பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். அதைப் புதுப்பிக்காமல், ஐந்து வருடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் நம் டூமுக்கு ஒரு பைசா வராது. நல்லவேளை, இவர் புதுப்பித்திருந்தார்.

இனி கணக்கு. வண்டிக்கு இரண்டரை வயது. ஷோரூம் எஸ்டிமேட் 5,000 ரூபாய்: பிளாஸ்டிக் 2,200, இரும்புச் சாமான் 1,900, லேபர் 900. இது முழுதாகக் கிடைக்காது. பிளாஸ்டிக், ரப்பருக்குத் தேய்மானம் 50 சதவீதம். இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்குள் என்றால் 15 சதவீதம். லேபருக்குப் பிடித்தம் இல்லை. டூவீலருக்குக் கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய். கழித்துப் பார்த்தால் வருவது 3,515. கையிலிருந்து போவது 1,485.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கிளைம்தான் லாபம் போலத் தெரியும். நோ கிளைம் போனஸை இங்கேதான் மறந்துவிடுகிறோம். கிளைம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது; 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். இவருக்கு அடுத்து வரவேண்டியது 35 சதவீதம். அது போகிறது, அதற்கடுத்த வருடங்களில் 25, 25, 15, 5 என்று பின்தங்கி, ஆறாவது வருடத்தில்தான் பழைய இடத்துக்கு வருவார். மொத்தம் 105 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்து ஓன் டேமேஜ் பிரீமியம். இவருக்கு அது 1,200 ரூபாய், ஆக இழப்பு 1,260. (வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் கொஞ்சம் கம்மியாகவே ஆகும்.) தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் போனஸுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆக கிளைம் வழியின் உண்மையான செலவு 1,485-உம் 1,260-உம் சேர்ந்து 2,745. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சி கேட்டது 2,400. லெக் கார்டைப் பெண்ட் எடுத்துவிடலாம், ஃபுட்ரெஸ்ட்டையும் நிமிர்த்தலாம், பாரும் டூமும் புதுசு என்றார். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே வண்டி கையில். இந்த அளவு அடிக்கு நான் அண்ணாச்சி பக்கம்தான். ஷோரூம் பில்லையும் கிளைம் தொகையையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒப்பிட வேண்டியது மெக்கானிக் பில்லோடு.

தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும். 100 ரூபாயும் போனஸ் இழப்பும்தான் செலவு, அப்போது கிளைம்.

சரி, அண்ணாச்சியிடமே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாயையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். முன் பிரேக்கைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கினார். ஃபோர்க் இறங்கி, ஏறும்போது தயங்கியது. “தம்பி, இதையும் பெண்ட் எடுக்கலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. ஷோரூமுக்குக் கொண்டு போங்க” என்றார். தன் கைக்கு வந்த வேலையை விட்டுக்கொடுத்த மனுஷன் அவர். ஃபோர்க், அதை ஹேண்டிலோடு சேர்த்துப் பிடிக்கும் டி, சேஸிஸ் மூன்றிலும் காசு பார்க்கவே கூடாது. நிமிர்த்திய குழாயோடு அந்த இறக்கத்தில் இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஃபோர்க் சேர்ந்ததும் ஷோரூம் பில் 8,800 ஆனது; கிளைமில் கைக்காசு 1,965, போனஸ் இழப்போடு 3,225. அதே ஒரிஜினல் ஃபோர்க்கை வாங்கிக் கொடுத்து வெளியே போட்டால் 5,900. அண்ணாச்சி எதையும் கழற்றியிருக்கவில்லை என்பதால்தான் கிளைம் வழி திறந்திருந்தது. சர்வேயர் பார்ப்பதற்கு முன் வேலையை ஆரம்பித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். விழுந்த இடத்திலேயே போட்டோ, அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல், இந்த இரண்டையும் முடிவெடுப்பதற்கு முன்பே செய்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள், கேரள எல்லைக்குள் விழுந்தால் பாலிசி செல்லுமா என்று. செல்லும். ஆரியங்காவில் விழுந்து தென்காசியில் வேலை பார்க்கலாம்; விழுந்த இடத்தை உள்ளபடி சொன்னால் போதும். இன்னொரு வண்டி இடித்து, ஓட்டுநர் ரோட்டிலேயே ஆயிரம் நீட்டினால்? டூம் மட்டும் உடைந்திருந்தால் வாங்கலாம். முன்சக்கரம் தட்டியிருந்தால் ஃபோர்க்கைப் பார்க்காமல் வாங்காதீர்கள். யாருக்காவது உடம்பில் அடிபட்டிருந்தால் இந்தக் கணக்கே கிடையாது. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸில் தகவல்.

மைத்துனர் கிளைம் போட்டார். வரும் புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யம். கூடவே பம்பர் டு பம்பரும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.