பெட்ஃபோர்ட் சதுக்கமா, மெரியன் சதுக்கமா?

ஜார்ஜியன் காலச் (ஜார்ஜ் என்ற பெயருள்ள பிரிட்டிஷ் மன்னர்கள் ஆண்ட 18ஆம் நூற்றாண்டையொட்டிய காலம்) செங்கல் வீடுகளைப் பார்க்க லண்டனின் பெட்ஃபோர்ட் சதுக்கம், டப்ளினின் மெரியன் சதுக்கம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், நான் டப்ளினுக்குத்தான் போகச் சொல்வேன்.

இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். தெருமட்டத்துக்குக் கீழே ஒரு தளம். அதன்முன் இரும்புக் கிராதி. விருந்தினர் வந்து அமரும் முதல் மாடியில்தான் மிக உயரமான ஜன்னல்கள். மேலே போகப்போக அவற்றின் உயரம் குறைந்து, கடைசி மாடியில் கிட்டத்தட்ட சதுரமாகிவிடும்.

பெட்ஃபோர்ட் சதுக்கம் 1775 வாக்கில் தொடங்கியது. நிலம் பெட்ஃபோர்ட் பிரபு குடும்பத்துடையது. குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர்கள் எஸ்டேட், அதாவது அந்தக் குடும்பத்தின் நில நிர்வாகம், வகுத்த முகப்பைத்தான் எழுப்ப வேண்டும். போதாக்குறைக்கு 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம்: வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது, தீ பரவாமலிருக்க ஜன்னலின் மரச்சட்டத்தைச் செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. அதனால் ஒவ்வொரு பக்கமும் ஒரே அரண்மனை போல நிற்கிறது. நடுவில் மட்டும் வெள்ளைப் பூச்சும் முக்கோண முகடும். வாசல் வளைவுகளில் எலினார் கோட் என்ற பெண்மணி லண்டனின் லாம்பெத் பகுதியில் நடத்திய தொழிற்சாலையின் சுட்ட செயற்கைக் கல். ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு! ஆனால் தனித்தனி வீடுகள் அந்த ஒழுங்கில் கரைந்துபோகின்றன.

மெரியன் சதுக்கம் ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்து எஸ்டேட் நிலத்தில் 1762 முதல் எழுந்தது. ஆளுக்கு ஒன்றிரண்டு மனையாக எடுத்துப் பலர் கட்டியதால், கைப்பிடிச்சுவர் பக்கத்து வீட்டைவிடச் சற்று ஏறும், சற்று இறங்கும். செங்கல்லின் சிவப்பும் வீட்டுக்கு வீடு மாறும். முகப்பில் அலங்காரமே கிடையாது, செலவெல்லாம் வாசலில். தூண்கள், நிலைக்கு மேல் விசிறியாய் விரியும் கண்ணாடி. உள்ளே போனால் கூரை முழுக்கச் சுதை வேலை.

சுவரருகே போய் செங்கற்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளைப் பாருங்கள். லண்டன் கொத்தனார் செங்கல் நிறச் சாந்தை முதலில் நிரப்பி, அதன்மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுப்பார். டப்ளின் கொத்தனாரின் முறை தலைகீழ்: வெள்ளைக் கோட்டை முதலில் வைத்து, இருபுறமும் நிறச்சாந்து பூசிச் செங்கல்லின் கரடுமுரடான ஓரத்தை மறைப்பார். கையால் செய்த கோணல் செங்கல் அளவெடுத்து அறுத்ததுபோல் தெரிவது இந்த உழைப்பால்தான்.

பாதுகாப்பில் லண்டன்தான் முன்னால். பெட்ஃபோர்ட் சதுக்கத்தின் நான்கு பக்கமும் குலையாமல் இருக்கிறது. டப்ளினில் மெரியனை ஒட்டிய லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 வீடுகளை 1960களில் மின்சார வாரியம் இடித்தது. அந்த நீண்ட வரிசை அறுந்ததை இன்றும் ஏற்க முடியவில்லை.

டப்ளின் போகிறவர்கள் ஹென்ரியட்டா தெரு 14ஆம் எண் வீட்டையும் பாருங்கள். பிரபுக்களுக்காகக் கட்டிய வீடு. 1911இல் அதில் 100 பேர் குடியிருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம்.