கணினி முடிவெடுப்பதா, யோசனை மட்டும் சொல்வதா?

நாளைய வான்வழிக் கட்டுப்பாட்டுக்கு ஆய்வாளர்கள் அலசும் வழிகளில் இரண்டு. ஒன்றில், விமானங்களை ஒன்றோடொன்று மோதாமல் விலக்கி வைப்பது கணினியின் வேலை. கட்டுப்பாட்டாளர் திரையைக் கவனித்துக்கொண்டிருப்பார். மற்றதில் கணினி யோசனை சொல்லும், முடிவு அவருடையது.

முதலாவது நெரிசலைச் சமாளிக்கும், சரி. ஆனால் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது மனிதருக்குக் கைவராத கலை. 1940-களில் உளவியலாளர் மேக்வொர்த் நடத்திய, கடிகார முள் எப்போதாவது தாவுவதைக் கண்டுபிடிக்கும் சோதனையில் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது. கணினி திடீரெனக் கைவிட்டால், விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய 5 கடல் மைல் இடைவெளி கரைந்துகொண்டிருக்கும்போது எந்த விமானம் எங்கே என்பதை முதலிலிருந்து மனதில் அடுக்க வேண்டும்.

இரண்டாவதில் அந்தப் படம் மனதிலேயே இருக்கும். வேலைப்பளுதான் அவ்வளவாகக் குறையாது. என் ஓட்டு இதற்கே, யார் சொல் செல்லும் என்பது முன்பே தெளிவாக இருந்தால். 2002-ல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் ஒரு விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி ‘ஏறு’ என்றது, கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார். விமானி இறங்கினார், இன்னொரு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தனர்.