கார்பன் ஸ்டீல் வோக்கா, நான்ஸ்டிக்கா? ரெண்டுலயும் வருஷக்கணக்கா சமைச்சுட்டு எழுதுறேன்

சிங்கப்பூர் வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, வீட்ல வாரத்துக்கு மூணு நாளாவது சைனீஸ் இல்லன்னா மலாய் வீட்டுச் சமையல்தான். பசங்க ஸ்கூல் கேன்டீன்ல அதைச் சாப்பிட்டே வளர்ந்துட்டாங்க, எனக்கும் ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து இருபது நிமிஷத்துல ரெண்டு ஐட்டம் இறக்கணும்னா அதுதான் கை கொடுக்குது. பெருசா ஒண்ணும் இல்ல, தக்காளி முட்டை, காங்கோங் பிளாச்சான் (பிளாச்சான்னா இறால் விழுது), பூண்டு போட்ட சாய் சிம்ங்கிற சைனீஸ் கீரை, தவ்கேங்கிற முளைப்பயறு, முட்டை ஃப்ரைட் ரைஸ், லீவு நாள்ல பீஹூன், அதாவது அரிசி சேமியா. காங்கோங்னா நம்மூர் வள்ளைக்கீரைதான், ஊர்ல குளத்தோரம் கிடக்கும், இங்க அதுக்கு அவ்ளோ மவுசு.

முதல் நாலு வருஷம் நான்ஸ்டிக் வோக், அதாவது ஒட்டாத பூச்சு உள்ள சைனீஸ் வாணலி. அந்த நாலு வருஷத்துல மூணு வாங்கினேன். அப்புறம் பூச்சு இல்லாத, மெல்லிசான இரும்புத் தகட்டுல செஞ்ச ஒரு கார்பன் ஸ்டீல் வோக் வாங்கினேன், அஞ்சு வருஷமா அதே ஒண்ணுதான் ஓடுது. அதனால நான் எந்தப் பக்கம் நிக்குறேன்னு முதல்லயே சொல்லிடுறேன், கார்பன் ஸ்டீல் பக்கம்தான். ஆனா எல்லாருக்கும் அதுதான்னு சொல்ல மாட்டேன், ஏன்னு கீழ வருது.

எல்லாருக்கும் தெரிஞ்சதை வேகமா முடிச்சிடுறேன். நான்ஸ்டிக் லேசா இருக்கும், ஒட்டாது, எண்ணெய் கம்மி, முதல் நாளே முட்டை வழுக்கிட்டு ஓடும். கார்பன் ஸ்டீல் அதை விட கனம், என்னோடது 32 சென்டிமீட்டர், ஒன்றரைக் கிலோ கிட்ட வரும், வாங்கின அன்னைக்கு ஒட்டும், பழக்கணும், விட்டா துரு பிடிக்கும். கடையில நின்னு யோசிச்சா யாருமே நான்ஸ்டிக்தான் எடுப்பாங்க. நானும் அப்படித்தான் எடுத்தேன்.

இப்ப சமையலுக்கு வருவோம், வித்தியாசம் அங்கதான் தெரியும். காங்கோங்கை எடுத்துக்கோங்க. அந்தக் கீரையில தண்ணிச் சத்து ரொம்ப ஜாஸ்தி. சட்டி சூடு பத்தலன்னா இலை விழுந்த உடனே தண்ணி விட ஆரம்பிச்சுரும், அந்தத் தண்ணியிலயே கீரை வெந்து, கருத்து, குழைஞ்சு, பிளாச்சான் வாசனை எல்லாம் தண்ணியோட போயிரும். நான்ஸ்டிக்ல எனக்கு நாலு வருஷமும் இப்படித்தான் வந்துச்சு. தீயை ஏத்தலாமேன்னு கேப்பீங்க. டெஃப்லான் வகை நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும்னு சொல்றாங்க, அதுக்கு மேல போகப் போக பூச்சு சிதைய ஆரம்பிக்கும், புகையும் வரும், வீட்ல கூண்டுப் பறவை இருந்தா அந்தப் புகை அதுக்கு உயிருக்கே ஆபத்து. எங்க பிளாக்ல பாட்டுக் குருவி வளர்க்குற அங்கிள்ங்க நிறைய பேர், அவங்க வீட்ல இதை நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்காங்க. வெறும் சட்டியை முழுத் தீயில வச்சுட்டு பூண்டு நறுக்கப் போனா அந்தச் சூட்டைத் தாண்ட சில நிமிஷம் போதும். ஆனா சைனீஸ் வதக்கலுக்கு முதல் பாடமே வெறும் சட்டியை நல்லா சூடு பண்றதுதான். அதாவது இந்தச் சமையல் எதைக் கேக்குதோ அதை இந்தப் பாத்திரத்துல செய்யக் கூடாது.

கார்பன் ஸ்டீல்ல இந்தப் பிரச்சனையே இல்ல. லேசா புகை கிளம்புற வரைக்கும் காய வைக்கிறேன், எண்ணெய் ஒரு சுத்து, உடனே பூண்டு, இடிச்ச மிளகாய், பிளாச்சான், வாசனை வந்ததும் காங்கோங் தண்டு மட்டும் முதல்ல, அரை நிமிஷம் கழிச்சு இலை, நாலு புரட்டு, இறக்கிடலாம். மொத்தமே ரெண்டு நிமிஷம். தண்டு கடிச்சா நறுக்குன்னு இருக்கும், தட்டுக்கு அடியில தண்ணி நிக்காது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு கட்டு முழுசையும் ஒரே தடவைல கொட்டாதீங்க, வீட்டு அடுப்புக்கு அது தாங்காது, பாதி பாதியா போடுங்க.

சோயா சாஸ் விஷயமும் அப்படித்தான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி காட்டிக் கொடுத்தது இது, சாஸை சோத்து மேல ஊத்தக் கூடாது, சூடா இருக்குற சட்டியோட பக்கச் சுவர்ல சுத்தி விடணும், அது சுர்ருன்னு பொங்கி, ஓரம் லேசா கருகி, அந்த வாசனையோட சோத்துல இறங்கும். நான்ஸ்டிக்ல ஊத்தினா வழுக்கி அப்படியே கீழ போய் சோறு ஈரமாயிரும். ஹாக்கர் சென்டர்ல, அதாவது சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்குற இடத்துல, வர்ற அந்தப் புகை வாசனை, கான்டனீஸ்ல வோக் ஹேய்னு சொல்வாங்க, சட்டியோட மூச்சுன்னு அர்த்தம், அது வீட்ல முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க அடுப்போட தீ நம்ம அடுப்பை விட பல மடங்கு. ஆனா ஒரு சாயல் வரும், நான்ஸ்டிக்ல அந்தச் சாயலும் எனக்கு வந்ததில்ல.

சரி, எனக்கு முடிவு பண்ண வச்ச விஷயம் இது எதுவுமே இல்ல. பராமரிப்பு. கேக்க தலைகீழா இருக்கும், ஏன்னா பராமரிப்புக்கு பயந்துதான் எல்லாரும் நான்ஸ்டிக் வாங்குறாங்க.

நான்ஸ்டிக்கோட பராமரிப்பை யோசிச்சுப் பாருங்க. இரும்புக் கரண்டி போடக் கூடாது, கம்பி நார் போடக் கூடாது, தீயை ஏத்தக் கூடாது, சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தக் கூடாது, மேல வேற பாத்திரம் அடுக்கக் கூடாது. இவ்ளோவும் பார்த்தும் என்னோட முதல் சட்டி ஒன்றரை வருஷத்துல நடுவுல மட்டும் ஒட்ட ஆரம்பிச்சுது. ரெண்டாவது ஒரு நாள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க எவர்சில்வர் கரண்டியால சுரண்டி விட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல, சமையல்காரங்க கை சுரண்டத்தான் செய்யும். மூணாவது செராமிக் பூச்சு, அது வருஷம் திரும்புறதுக்குள்ள வழவழப்பு போயிருச்சு. இதுல முக்கியம் என்னன்னா கீறல் விழுந்துட்டா அதுக்கு மருந்து கிடையாது. எவ்ளோ பொத்திப் பொத்தி வச்சாலும் அது தேய்ஞ்சுகிட்டேதான் போகும், கடைசியில குப்பைக்குத்தான்.

கார்பன் ஸ்டீல் அப்படியே எதிர்த் திசையில போகும், சமைக்கச் சமைக்க நல்லாயிட்டே வரும். தோசைக்கல் வச்சிருக்கவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எங்கம்மா புதுக்கல் வாங்கினா எண்ணெய் தடவி காய வச்சு, அரை வெங்காயத்தால தேய்ச்சு, முதல் நாலு தோசையை பிய்ச்சுப் போட்டுட்டுத்தான் கல்லு பழகிருச்சுன்னு சொல்லுவாங்க. வோக்கும் அதேதான். சூட்டுல எண்ணெய் இரும்போட ஒட்டி கெட்டியான ஒரு படலமா மாறுது, ஒவ்வொரு தடவையும் மேல ஒண்ணு சேருது, அதுதான் ஒட்டாம பார்த்துக்குது. சைனீஸ் வீடுகள்ல பன்னிக் கொழுப்புத் துண்டை வச்சு தேய்ப்பாங்க, நான் ஆன்ட்டி சொன்ன இன்னொரு முறையில பண்ணேன், ஒரு கை வெங்காயத் தாளும் இஞ்சித் துண்டும் போட்டு எண்ணெயோட கருகுற வரைக்கும் சட்டி பூரா புரட்டி புரட்டி வதக்குறது. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, புதுச் சட்டியில துரு பிடிக்காம இருக்க ஒரு பூச்சு தடவி அனுப்புவாங்க, அதை சோப்பும் கம்பி நாரும் போட்டு நல்லா உரிச்சு எடுத்துடணும், அப்புறம் வெறும் சட்டியை தீயில காட்டினா வெள்ளி நிறம் பழுப்பாகி நீலமா மாறும், பார்க்கவே அழகா இருக்கும். ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, புகை வரும். மொத்தமா ஒரு மணி நேர வேலை, வாழ்நாள்ல ஒரு தடவை.

தினசரி வேலை என்னன்னா, சமைச்சு முடிச்சு சட்டி சூடா இருக்கும்போதே வெந்நீர் ஊத்தி மூங்கில் பிரஷ்ஷால சுத்தி விடுறது, ஒட்டினது எல்லாம் தானா விட்டுரும், கொட்டிட்டு திரும்ப அடுப்புல வச்சு ஈரம் முழுக்க போற வரைக்கும் காய வைக்கிறது, அரை ஸ்பூன் எண்ணெயை துணியால தடவி மாட்டி விடுறது. மூணு நிமிஷம். சோறு போட பசங்களை கூப்பிட்டு அவங்க வந்து உக்காருறதுக்குள்ள முடிஞ்சிரும். சோப்பு தொடவே கூடாதுன்னு சிலர் சொல்றாங்க, கொஞ்சம் போட்டா ஒண்ணும் ஆகாது, நான் மீன் வறுத்தா போடுறேன். ஆகாத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், தண்ணியில ஊற வைக்கிறது.

அதுவும் நடந்துச்சு. ரெண்டாவது வருஷம் நாங்க ஊருக்குப் போயிருந்தப்ப வீட்ல தங்கியிருந்த தம்பி சமைச்சுட்டு சிங்க்ல தண்ணியோட விட்டுட்டான், ரெண்டு நாள். இந்த ஊர் ஈரத்துக்கு கேக்கவா வேணும், வந்து பார்த்தா உள்பக்கம் பூரா செங்கல் கலர்ல துரு, விரல் வச்சா ஒட்டுது. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, ரெண்டு வருஷம் பழக்கினது. ஆன்ட்டி வந்து பார்த்துட்டு அசையவே இல்ல. கம்பி நார் கொண்டுவரச் சொன்னாங்க, தேய்ச்சோம், கழுவினோம், காய வச்சோம், எண்ணெய் தடவி புகையுற வரைக்கும் சூடு பண்ணி ஆற விட்டோம், அதையே மூணு தடவை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அன்னைக்கு ராத்திரியே அதுல முட்டை பொரிச்சோம், லேசா ஒட்டுச்சு, ஒரு வாரத்துல பழையபடி ஆயிருச்சு. நான்ஸ்டிக்ல இதுக்கு சமமா எதையும் சொல்ல முடியாது. அன்னைக்குத்தான் எனக்கு முடிவு ஆச்சு, பாத்திரம் கெடாம இருக்கணும்னு நான் கேக்கல, கெட்டா என் கையால சரி பண்ண முடியணும்.

காசுக் கணக்கும் இதோட சேர்ந்ததுதான். நான் வாங்கின மூணு நான்ஸ்டிக்குக்கும் சேர்த்து 110 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல போச்சு, கார்பன் ஸ்டீல் வோக் சைனாடவுன்ல ஒரு பாத்திரக் கடையில 38 வெள்ளி, அதுக்கப்புறம் பிரஷ் மட்டும்தான் மாத்தியிருக்கேன்.

கார்பன் ஸ்டீல் தோக்குற இடங்களையும் சொல்லணும். புளிப்பு ஆகாது. தக்காளி, புளி, வினிகர் இதெல்லாம் அந்தப் படலத்தை அரிச்சு எடுத்துரும். தக்காளி முட்டை சீக்கிரம் முடியுறதால நான் அதுலயே பண்றேன், முட்டையை முதல்ல பொரிச்சு எடுத்து வச்சு, தக்காளி கரைஞ்சதும் சேர்த்து, உடனே தட்டுக்கு மாத்தி உடனே கழுவிடுவேன். ஆனா அசாம் மீன் மாதிரி புளியில கொதிக்கிறது எல்லாம் எவர்சில்வர் சட்டியிலதான். அதே மாதிரி வோக்ல தண்ணி ஊத்தி மீன் அவிக்கவும் வேணாம், கால் மணி நேரம் தண்ணி கொதிச்சா பழக்கினது வெளுத்துப் போகுது. பீஹூனும் முதல் ரெண்டு மூணு மாசம் அழ வைக்கும், அடியில ஒட்டி துண்டு துண்டா உடையும், அந்த ஒரு ஐட்டத்துக்கு புது நான்ஸ்டிக்தான் ராஜா, ஒத்துக்கிறேன்.

மத்த வகை பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. நம்ம ஊர் இரும்பு வாணலி பொரியலுக்கு அருமை, ஆனா சுவர் தடிமன், சூடேற நேரம் எடுக்கும், ஏறின சூடு இறங்கவும் நேரம் எடுக்கும், தூக்கிப் புரட்ட முடியாது. சைனீஸ் வார்ப்பிரும்பு வோக் நம்ம வாணலியை விட மெல்லிசா இருக்கும், ஃப்ரெண்டு வீட்ல நாலஞ்சு தடவை சமைச்சிருக்கேன், சூடு நல்லா நிக்குது, ஆனா கீழ போட்டா விரிசல் விடும்னு அவங்க ரொம்ப பயந்து பயந்து எடுக்குறாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி பேச எனக்கு அனுபவம் பத்தாது.

இண்டக்ஷன் அடுப்பும் அப்படித்தான். நான் கேஸ்லயே சமைக்கிறவ, தங்கச்சி வீட்ல ஒரு வாரம் இண்டக்ஷன்ல பண்ணினதுதான். தட்டையான அடி உள்ளதுதான் வாங்கணும், எடுத்த எடுப்புல ஃபுல் பவர்ல வச்சா அடி உப்பி ஆட ஆரம்பிச்சுரும், மெதுவா ஏத்தணும். அடி மட்டும் சூடாகி பக்கச் சுவர் சூடாகாததால அந்த சோயா சாஸ் வித்தை அங்க பலிக்கல. இண்டக்ஷன் மட்டும்தான் இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவைதான் இந்த மாதிரி சமையல், அதுவும் முட்டையும் பீஹூனும்தான்னா நான்ஸ்டிக்கே வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன். வோக்கை அடிக்கடி எடுக்காம மூலையில மாட்டி வச்சா அது துருதான் பிடிக்கும்.

கேஸ் அடுப்பு இருக்கு, வாரம் ரெண்டு மூணு நாள் பண்ணுவீங்கன்னா தட்டை அடி, 32 சென்டிமீட்டர், மரக் கைப்பிடி உள்ளதா பார்த்து வாங்குங்க. 36 எடுத்தா நாலு பேருக்கு மேல இருக்குற வீட்டுக்கு சரி, ஆனா சின்ன பர்னர்ல அவ்ளோ பெரிய சட்டி நடுவுல மட்டும்தான் காயும். உருண்டை அடி வேணாம், தனியா ஸ்டாண்ட் இல்லாம ஆடிக்கிட்டே இருக்கும். முதல் மாசம் எண்ணெய் கொஞ்சம் தாராளமா இருக்குற மாதிரி சமைங்க, சாய் சிம், தவ்கே, வெங்காயத் தாள் போட்ட ஆம்லெட், முந்தின நாள் ஃப்ரிட்ஜ்ல வச்ச சோத்துல ஃப்ரைட் ரைஸ். தக்காளி முட்டையை ரெண்டாவது மாசத்துக்கு வச்சுக்கோங்க, பீஹூனை மூணாவது மாசத்துக்கு.