மார்க் ட்வைன்: ஆவணப்படமா, கதைப்படமா?

நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைனின் வாழ்க்கையைத் திரையில் பார்க்க நினைத்தால் இரண்டு படங்கள் இருக்கின்றன. 1944-ல் ஃபிரெட்ரிக் மார்ச் நடித்து வந்த ஹாலிவுட் படம் ஒன்று. கென் பர்ன்ஸ் 2001-ல் எடுத்த ஆவணப்படம் மற்றொன்று.

கதைப்படம் கலகலப்பானது. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு, தவளைப் பந்தயம் எல்லாம் உண்டு. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இதுதான் சரி.

ஆவணப்படம் மூன்றரை மணி நேரம் ஓடும். பழைய புகைப்படங்கள், அவருடைய எழுத்து, அறிஞர்களின் பேச்சு, இவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அலுக்கவே இல்லை. அடிமைமுறை நிலவிய ஊரில் வளர்ந்த சிறுவன் எப்படி அடிமைமுறையைச் சாடும் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை எழுதும் மனிதரானார் என்பதை நிதானமாகப் பேசுகிறது. அப்புறம் அந்தக் கடன்! அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் பணத்தைக் கொட்டி, பதிப்பகமும் நொடித்து, 1894-ல் திவாலானார். கடனை அடைக்க இந்தியா உட்பட உலகம் சுற்றிப் பேசினார். பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது, 1896-ல், மகள் சூசி அமெரிக்காவில் இறந்துபோனாள். இத்தனை வலிக்கு நடுவில் சிரிக்க வைத்தவரை அறிய ஆவணப்படத்தையே பரிந்துரைப்பேன். இரண்டு பகுதிகளாக இருப்பதால் இரண்டு இரவுகளில் பார்த்துவிடலாம்.