எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா: வீட்டிலேயே பழுது பார்ப்பவருக்கு எது உகந்தது?

இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபியும், கோவென்ட்ரி நகரின் கேன்லியில் தயாரான ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரும் 1962-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, 1980-ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் தயாரிப்பு நின்றுபோன கார்கள். இரண்டுமே இரண்டு இருக்கையும் திறந்த கூரையும் கொண்டவை. வார்ப்பிரும்பில் செய்த நான்கு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்பரேட்டர், லூகாஸ் மின்சாதனங்கள் என்று உறுப்புகளிலும் ஒன்றுபோலவே தோன்றுபவை. 1968 முதல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் பெயரில்தான் இரண்டும் வெளிவந்தன. ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து வேலை பார்க்கும்போதுதான் இவ்விரண்டும் எவ்வளவு வேறுபட்ட சிந்தனையில் உருவானவை என்பது விளங்கும். எட்டு ஆண்டுகள் ஒரு ஸ்பிட்ஃபயரையும், அதன்பின் ஒரு எம்ஜிபியையும் ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய கராஜில் வைத்துப் பராமரித்தவன் என்ற முறையில், வேகத்தையும் அழகையும் ஒதுக்கிவிட்டு, சொந்தக் கையால் பழுது பார்ப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் இவற்றை ஒப்பிட விரும்புகிறேன்.

இந்த ஒப்பீட்டுக்கு இன்று கூடுதல் அவசியம் உண்டு. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுதோறும் செய்யும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இந்த இரண்டு கார்களுமே அந்த விலக்கின் கீழ் வந்துவிட்டன. அதாவது, வண்டியின் அடியில் துரு பிடித்திருக்கிறதா, பிரேக் குழாய் நைந்திருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை வேறொருவர் பார்த்துச் சொல்லும் வழக்கம் இல்லாமல் போய்விட்டது. பார்க்க வேண்டியவர் உரிமையாளரே என்று ஆகிவிட்ட நிலையில், எந்த வண்டி தன் குறைகளை எளிதில் காட்டும் என்பதே முதல் கேள்வியாகிறது.

அந்தக் கேள்விக்கு ஸ்பிட்ஃபயர் தரும் விடை கண்கொள்ளாதது. ஜியோவான்னி மிக்கலோட்டி வடிவமைத்த இந்தக் கார், ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற முந்தைய காரின் வழிவந்தது. அதனால் பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் சேர்ந்த முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். ஒரு முழு முகமே எழுந்து விலகுவதைப்போல் இருக்கும். அப்படித் திறந்துவிட்டால் எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீரிங் ராக், முன் சஸ்பென்ஷன் எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்ததுபோல் தெரியும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு டப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுகளை இயக்கும் உறுப்புகளுக்கு நடுவிலுள்ள சிறு வெளியை, சரிபார்க்கலாம். முதுகு வலிக்காமல் ஒரு மாலைப்பொழுது முழுக்க வேலை செய்ய முடிந்த ஒரே ஸ்போர்ட்ஸ் கார் என் அனுபவத்தில் இதுதான்.

எம்ஜிபியின் பானெட் வழக்கமான முறையில் பின்பக்கக் கீலில் திறப்பது. எஞ்சின் அறை விசாலமானது. டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், கார்பரேட்டர் மூன்றும் கைக்கு எட்டும். ஆனால் ஹீட்டர் பெட்டியைக் கழற்ற நேர்ந்தால் பொறுமை சோதிக்கப்படும். 1974 வரை வந்த வண்டிகளில் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் இருக்கைகளுக்குப் பின்னால், தரைத்தகட்டுக்கு அடியில் கண்ணில் படாமல் கிடப்பவை. பேட்டரித் தண்ணீரைப் பார்க்க மறப்பதும், அந்தத் தொட்டி அமிலத்தில் அரிக்கப்படுவதும் அதனாலேயே நிகழ்கின்றன. ஸ்பிட்ஃபயரின் பேட்டரியோ பானெட்டைத் திறந்ததும் எதிரே நிற்கும்.

கிளட்ச் மாற்றும் வேலையில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் அதிகம். எம்ஜிபியில் எஞ்சினை மேலே தூக்காமல் கிளட்சைத் தொட முடியாது. எனவே எஞ்சின் தூக்கும் கிரேன், அதை உருட்ட இடம், உதவிக்கு ஓர் ஆள் ஆகிய மூன்றும் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இருக்கைகளைக் கழற்றி, நடுவிலுள்ள கியர்பாக்ஸ் மூடியை எடுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை விடுவித்தால், கியர்பாக்ஸைக் காருக்கு உள்ளேயே பின்னுக்கு இழுத்து வெளியே தூக்கிவிடலாம். நான் ஒரு சனி, ஞாயிறில், என் மைத்துனரின் உதவியோடு இதைச் செய்து முடித்திருக்கிறேன். வேகமாகப் போகும்போது எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் பொருத்திய கியர்பாக்ஸ் என்றால் எடை கூடும் என்பதால், கை நசுங்காமல் இருக்க ஒரு கயிறும் குறுக்குக் கட்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் படித்தால் ஸ்பிட்ஃபயருக்கே வாக்களிக்கத் தோன்றும். ஆனால் கைக்கு எட்டுவது ஒன்று. கவனிக்காமல் விட்டால் தாங்குவது வேறொன்று. இந்த இரண்டாவது பண்பில் எம்ஜிபி வெகுதூரம் முன்னே நிற்கிறது.

அதன் 1798 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அதன் உடன்பிறப்பு என்பதால், அதன் உழைப்பைத் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 1964-இன் பிற்பகுதியிலிருந்து கிராங்க்‌ஷாஃப்ட் ஐந்து மெயின் பேரிங்குகளில் அமர்ந்தது. அதன்பின் அடிப்பாகம் இன்னும் உறுதியாயிற்று. 20டபிள்யூ-50 எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி, டப்பெட் இடைவெளியையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளியையும் பார்த்துக்கொண்டால் அது முணுமுணுக்காமல் ஓடும். முன் சஸ்பென்ஷனில் சக்கரம் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உள்ளன. கிரீஸ் கன்னால் 3,000 மைலுக்கு ஒரு முறை அழுத்தினால் போதும். ஒரு தடவை தவறவிட்டாலும் தேய்மானம் மெல்லத்தான் வரும். ஸ்டீரிங் கனப்பதிலிருந்தே அறிகுறி தெரியும்.

ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷன் அப்படி மன்னிக்காது. அங்கே செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, அது வெண்கலத்தாலான ட்ரன்னியன் என்ற உறுப்புக்குள் திருகாணிபோல் இறங்கி நிற்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை சற்றே ஏறி இறங்குகிறது. இதற்கு இட வேண்டியது கிரீஸ் இல்லை. கியர்பாக்ஸுக்கு ஊற்றும் இபி 90 எண்ணெய். கிரீஸ் காலப்போக்கில் இறுகி மரையின் அடிவரை போகாமல் நின்றுவிடும், உள்ளே தண்ணீர் தங்கும், எஃகு துருவேறும். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் காரை நிறுத்துவதற்காக மெதுவாக முழுவளைவில் திருப்பும்போது, அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வேகத்தில் நிகழ்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வாங்கிய ஸ்பிட்ஃபயரில் முந்தைய உரிமையாளர் அக்கறையோடுதான் பராமரித்திருந்தார். ஆனால் கிரீஸால் பராமரித்திருந்தார். ட்ரன்னியனின் அடைப்புத் திருகைக் கழற்றியபோது உள்ளே பழுப்பு நிற மெழுகுபோல் ஒன்று உறைந்து கிடந்தது. தண்டை வெளியே எடுத்துத் துடைத்தபோது மரையின் அடிப்பகுதியில் மூன்று சுற்றுகள் கரும்புள்ளிகளாக அரித்திருந்தன. நகத்தால் வருடினாலே பள்ளம் தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் செல்வதால், உறுப்புகளை மாற்றிப் பொருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் கோடையின் தொடக்கத்திலும் பனிக்காலத்துக்கு முன்னும் ஓர் எண்ணெய்க் கன்னால், மேல் விளிம்பில் புது எண்ணெய் கசியும்வரை அழுத்துவதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பத்து நிமிட வேலை அது.

எஞ்சினிலும் ஸ்பிட்ஃபயருக்கு ஒரு பலவீனம் உண்டு. கிராங்க்‌ஷாஃப்டின் முன்பின் அசைவைத் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் இரண்டு பின் மெயின் பேரிங்கில் உள்ளன. அவை தேய்ந்து மெலிந்தால் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடக்கூடும். பின்னர் கிராங்க்‌ஷாஃப்ட் நேரடியாகச் சிலிண்டர் பிளாக்கையே உராய்ந்து, அந்த எஞ்சினைச் சீர்செய்ய முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். 1296 சிசி, 1493 சிசி எஞ்சின்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சோதனை எளியது: ஒருவர் கிளட்ச் பெடலை மிதித்து விட, மற்றொருவர் எஞ்சினின் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டக்கூடாது. எண்ணெய்த் தொட்டியை இறக்கினால், எஞ்சினை வெளியே எடுக்காமலேயே வாஷர்களை மாற்றிவிடலாம் என்பது ஆறுதல்.

பின்சக்கரங்களைப் பொறுத்தவரை எம்ஜிபியின் திடமான ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும் லாரியைப் போல எளியவை. ஸ்பிட்ஃபயரில் குறுக்காகச் செல்லும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கில் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும். 1970-இல் வந்த நான்காம் பதிப்பான மார்க் 4-இல் அந்த ஸ்பிரிங்கின் அமைப்பு மாற்றப்பட்டதால், வளைவில் திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் பழைய ஆபத்து பெருமளவு குறைந்தது. ஆனால் எந்த மார்க்காக இருந்தாலும் பின்சக்கர பேரிங்கை மாற்ற ஹப்பைக் கழற்றும் கனரக இழுவைக் கருவி வேண்டும். சாதாரண புல்லரால் முயன்று ஷாஃப்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இந்த ஒரு வேலையை வெளியே கொடுத்துவிடுவதே விவேகம்.

கார்பரேட்டரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பிட்ஃபயரின் எச்எஸ் வகையில் கலவையைத் திருத்தும் நட்டு அடியில் வெளிப்படையாக இருக்கும். 1970-களின் எம்ஜிபியில் வந்த எச்ஐஎஃப் வகையில் அது பக்கவாட்டுத் திருகாக மாறியது. இரண்டிலும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் காற்றின் சீற்றத்தைக் கேட்டே இரு கார்பரேட்டர்களையும் சமன்செய்யலாம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை இரண்டு வண்டிகளிலும் மாற்றிவிட வேண்டும். எம்ஜிபியின் மின்சார பெட்ரோல் பம்ப் பின்சக்கரத்துக்கு அருகே இருந்து சாலையின் ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிட்ஃபயரின் இயந்திரப் பம்போ எஞ்சினிலேயே இருக்கிறது.

எம்ஜிபியின் உண்மையான எதிரி துருதான். அதற்குத் தனியான சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடல் தகடுகளே எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் ஓடும் சில் எனப்படும் பெட்டி வடிவப் பகுதி, வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடித்தகடு என்று பல அடுக்குகள் சேர்ந்து காரின் முழுச்சுமையையும் தாங்குகிறது. வெளித்தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்கப்படும் கார்கள் ஏராளம். ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ உள்ளடுக்குகள் போய்விட்டன என்று பொருள். முறையாகச் செய்ய, முன் மட்கார்டைக் கழற்றி, கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி கொடுத்து உடல் வளையாமல் காத்து, அடுக்கடுக்காக வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் பழகாதவர் வீட்டில் தொடக்கூடாத வேலை இது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புதிய முழு உடலையே தயாரித்துத் தருகிறது என்பது பெரிய வரம். ஆனால் அது ஒரு காரையே மறுபடி கட்டுவதற்குச் சமம். ஸ்பிட்ஃபயரிலும் சில்கள் வலுவுக்குத் தேவை என்றாலும், அடியில் தனிச் சேஸிஸ் இருப்பதால் உடலைப் போல்ட்டுகளை அவிழ்த்துப் பிரித்துவிட முடிகிறது.

ஆகவே வெல்டிங் தெரியாத, தனியாளாக வேலை செய்கிற, நெடுந்தூரம் போகாத ஒருவர் ஸ்பிட்ஃபயரையே வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. அதிலும் 1970-க்கும் 1974-க்கும் இடையே வந்த, 1296 சிசி எஞ்சின் கொண்ட மார்க் 4-ஐத் தேடச் சொல்வேன். மாதத்துக்கு இரண்டு முறை மோட்டார்வேயில் நூறு மைல் போய்வருபவருக்கு, எண்ணெய்க் கன்னை நினைவாக எடுக்கும் பழக்கம் தனக்கு வராது என்று தன்னைத் தானே அறிந்தவருக்கு, ஓவர்டிரைவ் பொருத்திய எம்ஜிபிதான் ஏற்றது. சில் சரியாக உள்ள வண்டி கிடைக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். பெயின்டும் குரோமும் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் பையில், பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்புதானா என்று பார்க்க ஒரு காந்தத்தையும் டார்ச் லைட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் என்றால் கிளட்சை மிதிக்க ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.