பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா?

திருகோணமலையிலிருந்து வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை என்று விஞ்ஞான பீடங்களுக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கும் இரண்டாம் வருஷ முடிவில் இந்தக் கேள்வி வரும்: மூன்று வருஷத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவதா, நாலாம் வருஷமும் இருந்து ஒரு பாடத்தில் சிறப்புப் பட்டம் எடுப்பதா? ஜிபிஏ (பாடப் பெறுபேறுகளின் சராசரி) நல்லா இருந்தால் ஊரே "ஸ்பெஷல் செய்" என்று சொல்லும். ஊருக்காக எடுக்க வேண்டாம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதப் பொதுப் பட்டமே போதும். மூதூரிலோ கிண்ணியாவிலோ வீட்டில் உழைக்கிற ஆள் ஒருத்தர்தான், தங்கச்சியும் ஏ.எல் படிக்கிறாள் என்றால், அந்த ஒரு வருஷத்துப் போர்டிங் காசும் கைக்கு வராத சம்பளமும் சின்ன விஷயமில்லை. அந்தப் பிள்ளை மூன்று வருஷத்தோடு வந்தால் யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர ஆசையென்றால் சிறப்புப் பட்டம்தான் நேர் வழி. முதலாம், இரண்டாம் வகுப்பு என்று வகுப்புச் சித்தியும் வேண்டும். பொதுப் பட்டத்தோடு எம்.ஃபில் என்ற ஆய்வுப் பட்டம் செய்யப் போனால் பெரும்பாலும் இடையில் ஒரு முதுமாணி முடிக்கச் சொல்வார்கள். மிச்சம் பிடித்த வருஷம் அங்கே கரைந்துவிடும்.

எனக்குப் பெரிதாகப் படுவது நாலாம் வருஷ ஆய்வு. அதுவரை நோட்ஸ் பார்த்துப் பாஸ் பண்ணிய பிள்ளை, முதல் தடவையாக விடை எழுதப்படாத ஒரு கேள்வியோடு உட்காருகிறது. எங்கள் மாவட்டத்தில் அப்படிக் கேள்விக்கா பஞ்சம்? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சூடு ஏன் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது? புல்மோட்டை மணலில் எந்த ஆழத்தில் எவ்வளவு இல்மனைட் கனிமம் கிடக்கிறது? போத்தலில் தண்ணீர் எடுத்து, லேபிள் ஒட்டி, அளவு ஒத்துவராமல் மறுபடியும் போய் எடுத்து, எழுதிக் கொடுத்த வரைவு சுப்பவைசரின் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும்போது பொறுமையாகத் திருத்தப் பழகும். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் இதற்காகவே நாலாம் வருஷம் இருங்கள் என்பேன்.

சிறப்புப் பட்டத்துக்கு இடங்கள் குறைவு; கேட்கும் புள்ளியும் பாடத்துக்குப் பாடம் மாறும். இரண்டாம் வருஷக் கடைசியில் விசாரித்தால், முதல் செமஸ்டரில் வாங்கிய 'சி' எல்லாம் ஏற்கெனவே ஜிபிஏயில் ஏறியிருக்கும். முதல் வருஷமே திணைக்களத்துக்குப் போய்க் கேளுங்கள்.